வெள்ளம் வடிந்த பிறகு தெருவைப் படமெடுப்பது எப்படி: சேறு அள்ளும் நாளிலிருந்து சுவர் காயும் நாள் வரை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால் இடுப்பளவுத் தண்ணீர்ப் படங்கள்தான். தண்ணீர் வடிந்த மறுநாளிலிருந்து ஒன்றுமே இல்லை. ஊறிப்போன மெத்தைகளை லாரியில் ஏற்றியது, சம்ப்பை (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை) இறைத்துக் கழுவியது, தரைத்தளத்துக்காரர்கள் மொட்டைமாடியில் பள்ளிப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகக் காயவைத்தது என எதற்கும் ஒரு படம்கூட இல்லை. இரண்டு மாதம் கழித்து வடிகால் பற்றி மனு எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: எங்களிடம் இருந்த படங்களில் பாதி எந்தத் தெரு என்றே தெரியவில்லை, தேதியும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலங்களாக, சென்னையில் வேளச்சேரி பள்ளிக்கரணைப் பக்கம் சில தெருக்களில் இந்த வேலையைச் செய்துவருகிறேன், உதவிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் சறுக்குவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான், அதுவும் கேமரா விஷயத்தில் அல்ல, எதை முதலில் எடுப்பது எதை அப்புறம் எடுப்பது என்பதில். நல்ல கேமரா தேவையில்லை, கையில் இருக்கும் போன் போதும்.

1. யாருக்கு எடுக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று பேருக்காக எடுக்கலாம். ஒன்று, இன்சூரன்ஸ் சர்வேயர். இரண்டு, வார்டு அலுவலகம், மாநகராட்சி, கவுன்சிலர் என்று மனு போகும் இடம். மூன்று, உங்கள் தெருவுக்கே, ஐந்து வருடம் கழித்து என்ன நடந்தது என்று பார்க்க.

இதை ஏன் முதலில் கேட்கிறேன் என்றால், சர்வேயருக்கான படங்களுக்குக் கெடு ஒரே நாள்தான், துடைப்பம் பட்டுவிட்டால் முடிந்தது. மனுவுக்கான படங்களுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும், வாரக்கணக்கில். மூன்றாவதற்கு மனிதர்கள் வேண்டும். மூன்றையும் ஒரே நடையில் கலந்து எடுக்கப் போனால் மூன்றும் அரைகுறையாகும். முதல் நாள் காலை சர்வேயருக்கு, அன்று பகல் தெருவுக்கு, அப்புறம் ஆட்களுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

2. மழைக்கு முன்னாலேயே எடுக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை நமக்கு அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. ஆகவே செப்டம்பரில், வெயில் இருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். வெள்ளத்துக்கு முந்தைய படம் இல்லாமல் சுத்தப்படுத்தலையும் மீட்சியையும் யாருக்கும் காட்ட முடியாது. சேறு படிந்த தெருவைப் பார்ப்பவருக்கு அந்தத் தெரு எப்போதுமே அப்படித்தானோ என்ற சந்தேகம் வரும், மனுவைப் படிக்கும் அதிகாரிக்கு அந்தச் சந்தேகம் வசதியாகவும் இருக்கும்.

தெருவில் மழைநீர் வடிகாலின் வாய்கள், மூடிகள், மின்பெட்டி, தெருமுனை இவற்றை எடுங்கள். வீட்டில் ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் எடுங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், மோட்டார் இவற்றின் பின்னாலோ அடியிலோ ஒட்டியிருக்கும் மாடல் எண், வரிசை எண் ஸ்டிக்கரைத் தனியாக எடுங்கள். அந்த ஸ்டிக்கர்தான் தண்ணீரில் முதலில் உரிந்துபோகும்.

வண்டி ஆர்.சி., பாலிசி, பில்கள் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி இருக்கும்படி செய்யுங்கள். எங்கள் வீட்டில் பில்கள் எல்லாம் பத்திரமாக பீரோவின் அடித்தட்டில் இருந்தன, மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

இரும்பு டேப் ஒன்று. துணி டேப் நனைந்தால் இழுபடும், அளவு தப்பும்.

ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் நாலைந்து, பழைய பருத்தித் துணி இரண்டு, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், ஒரு டார்ச், சின்ன நோட்டு, பால்பாயின்ட் பேனா. ஜெல் பேனா வேண்டாம், ஒரு துளி பட்டால் கரைந்துவிடும்.

போனில் இடம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் வேலை நடுவில் நின்று பழைய வீடியோக்களை அழித்துக்கொண்டிருப்பார்கள், அந்த நேரத்தில் ஜேசிபி குப்பையை அள்ளிக்கொண்டு போயிருக்கும். தேதி, நேரம் தானாக அமையும்படி செட்டிங் இருக்கிறதா, கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். எடுத்த நேரமும் இடமும் படத்தின் கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும், பின்னால் கேள்வி வந்தால் அது பேசும்.

காலுக்கு ரப்பர் பூட்ஸ். செருப்போடு போகாதீர்கள், சேற்றுக்கு அடியில் உடைந்த டைல்ஸும் ஆணியும் இருக்கும்.

4. எப்போது இறங்கலாம்

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த வேலை இல்லை. அதை எடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். தரை தெரிந்த பிறகுதான் நம் வேலை.

தெருவில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அறுந்த கம்பியைக் கண்டால் பக்கத்தில் போய்ப் படமெடுக்க வேண்டாம், தூரத்திலிருந்தே மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் மெயின் அணைந்திருக்க வேண்டும், அதுவும் ஈரத்தில் நின்றுகொண்டு மெயினைத் தொடக் கூடாது, எலெக்ட்ரீஷியன் வரட்டும்.

நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பீர்கள், எல்லோரும் நடப்பார்கள், நானும் நடந்து வடிகாலுக்குள் ஒரு காலை விட்டிருக்கிறேன். அதனால் ஒரு விதி: நடக்கும்போது போன் பையில், நின்ற பிறகு கையில். அலமாரிக்குப் பின்னால், சாக்குக்கு அடியில் பாம்பு இருக்கலாம், குச்சியால் தட்டிவிட்டுப் போங்கள். கால் புண்ணோடு சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வருவது அப்படித்தான். வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் வெள்ளநீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

5. துடைப்பத்தைத் தொடுமுன், வீட்டுக்குள்

இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கும், அதுவும் நல்ல மனதால் நடக்கும். கதவைத் திறந்ததும் அம்மாவுக்கோ அத்தைக்கோ அந்தச் சேற்றைப் பார்க்கப் பொறுக்காது, உடனே வாளியைத் தூக்குவார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. இரண்டு நாளில் வீட்டைப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, நாசமான சாமான்களைக் குப்பை லாரிக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் கிளெய்ம் போட்டோம். வந்த சர்வேயர் சுத்தமான ஹாலில் நின்று, எங்கே சார் சேதம் என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை.

ஆகவே அரைமணி நேரம், அரைமணி நேரம் மட்டும், யாரும் எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு இந்த வரிசையில் எடுங்கள்.

முதலில் வெளியே: கதவு எண்ணும் வாசலும் ஒரே படத்தில். அதற்குப் பின் வரும் படங்கள் எந்த வீடு என்று சொல்வது இதுதான். பிறகு ஒவ்வொரு அறைக்கும் வாசற்படியிலிருந்து ஒரு முழுப் படம், எதிர் மூலையிலிருந்து ஒன்று. பிறகு ஒவ்வொரு பொருளும் தனியாக, அது கிடந்த இடத்திலேயே, சுற்றுப்புறம் கொஞ்சம் தெரியும்படி. கடைசியில் கிட்டத்தில்: வரிசை எண் ஸ்டிக்கர், உப்பிப்போன பிளைவுட், துருப்பிடித்த கம்ப்ரஸர்.

தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. உப்பிய பிளைவுட்டின் கிட்டப் படம் மட்டும் இருந்தால் அது உங்கள் அலமாரி என்று யார் சொல்வது? அறை, அறைக்குள் அலமாரி, அலமாரியில் அந்தக் கதவு என்று மூன்று படமும் தொடர்ச்சியாக இருந்தால் கேள்விக்கே இடமில்லை. கூடவே ஒரு வீடியோவும் எடுத்துவிடுங்கள், வாசலில் தொடங்கி நிறுத்தாமல், மெதுவாக, எது என்ன என்று வாயால் சொல்லிக்கொண்டே.

சேதமான பொருளை சர்வேயர் பார்க்கும்வரை தூக்கிப் போடாதீர்கள். நாற்றம் தாங்காமல் போட்டே ஆகவேண்டிய மெத்தை, அரிசி மூட்டை போன்றவற்றை, தூக்கும்போதும் குப்பையில் வைத்த பிறகும் எடுத்துவையுங்கள், நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கார், பைக் நனைந்திருந்தால் சாவியைப் போட்டுப் பார்க்கக் கூடாது. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் உள்ளே உடையும், அது வெள்ளத்தால் வந்த சேதமில்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று கிளெய்ம் சிக்கலாகும். சீட்டில் நின்ற நீர்க்கோடு, டாஷ்போர்டு, நம்பர் பிளேட் இவற்றை எடுத்துவிட்டு டோ வண்டிக்குக் காத்திருங்கள், டோ செய்யும்போதும் ஒன்று எடுங்கள்.

6. நீர்க்கோட்டை அளப்பது

தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று கேட்டால் ஆளுக்கொரு உயரம் சொல்வார்கள், கையை வைத்துக் காட்டும் இடமும் ஒவ்வொரு தடவையும் ஏறும். டேப் வைத்து எடுத்த ஒரு படம் போதும்.

சுவரில் அளக்காதீர்கள். செங்கல் சுவர் தண்ணீரை மேலே உறிஞ்சும், இரண்டு நாளில் ஈரம் உண்மையான மட்டத்துக்கு மேலே ஏறி நிற்கும். இரும்பு கேட், டைல்ஸ், கண்ணாடி, கார் கதவு, மின்கம்பம் போல உறிஞ்சாத எதிலாவது பாருங்கள். பல கோடுகள் தெரியும். அழுத்தமாக இருப்பது தண்ணீர் நெடுநேரம் தங்கிய மட்டம், உச்சம் அதற்கு மேலே மங்கலாக இருக்கும். புதியவர்கள் அழுத்தக் கோட்டை மட்டும் அளந்துவிட்டு வந்துவிடுவார்கள்.

டார்ச்சை அந்தப் பரப்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் மங்கல் கோடும் தெரியும். ஃப்ளாஷ் போடாதீர்கள், ஈரத்தில் பட்டு வெள்ளையாகத் திருப்பி அடிக்கும்.

டேப்பின் அடியை வைக்கும் இடத்தில் சேற்றை ஒதுக்கிவிட்டுத் தரையில் வையுங்கள். நான்கு விரற்கடை சேற்றின் மேல் வைத்து அளந்தால் நான்கு விரற்கடை குறையும். சாலையிலிருந்து ஒரு அளவு, வீட்டுத் தரையிலிருந்து ஒரு அளவு, இரண்டும் தேவை. போனை நீர்க்கோட்டின் உயரத்துக்கே இறக்கி நேராக எடுங்கள், மேலே நின்று சாய்த்து எடுத்தால் டேப்பில் எண் தப்பாகத் தெரியும். வருகிற சனிக்கிழமைக்குள் எடுத்துவிடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், ஒரு மழை பெய்தாலோ வீட்டுக்காரர் ஹோஸ் பிடித்தாலோ கோடு போய்விடும்.

7. தெருவில் நிலையான புள்ளிகள்

இந்தப் பகுதிக்காகத்தான் மீதி எல்லாவற்றையும் எழுதினேன் என்றே சொல்லலாம். ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கம் பார்த்து, நாள் நாளாக எடுத்த ஆறு படங்கள், சுற்றிச் சுற்றி எடுத்த அறுநூறை விட அதிகம் சொல்லும்.

ஒரு தெருவுக்கு ஐந்து அல்லது ஆறு புள்ளிகள் போதும். எங்கள் தெருவில் வைத்திருப்பவை: தெருமுனையிலிருந்து முழுத் தெரு, பள்ளமான இடத்தில் இருக்கும் வடிகால் வாய், எல்லோரும் குப்பை கொட்டும் காலி மனை, மின்பெட்டி, ஒரு தரைத்தள வீட்டு வாசல், ஒரு பெட்டிக்கடை. பத்துக்கு மேல் வைக்காதீர்கள். முதல் நாள் உற்சாகத்தில் இருபது வைத்த ஒரு தம்பி நான்காம் நாள் வரவே இல்லை.

நிற்கும் இடத்தைக் குறிக்க சாக்பீஸ் உதவாது. 12ஆம் எண் வீட்டு கேட்டின் இடதுபக்கத் தூண் என்று நோட்டில் எழுதுங்கள், முடிந்தால் தூணில் போனை வைத்தே எடுங்கள், உயரமும் மாறாது. எந்தப் பக்கம் திரும்பி எடுப்பது என்பதற்கு ஒரு எளிய வழி உண்டு: கிட்டத்தில் ஒன்றும் தூரத்தில் ஒன்றுமாக அசையாத இரண்டு பொருட்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். மின்கம்பத்தின் ஓரம் எதிர்வீட்டு பால்கனியின் மூலையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முறையும் அது அப்படியே தொட்டால் நீங்கள் அதே இடத்தில்தான் நிற்கிறீர்கள். ஒரு அடி நகர்ந்தாலும் இடைவெளி விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அசையாத பொருள் என்றேன். குப்பைத்தொட்டி, நிறுத்திய கார், பேனர் இதெல்லாம் அடையாளம் ஆகாது. மரமும் வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த ஊர் இது.

ஜூம் செய்யாதீர்கள், அகலக் கோண லென்ஸுக்கும் மாறாதீர்கள், எப்போதும் போனில் 1x என்று காட்டும் சாதாரண அளவு. முதல் நாள் அகலத்தில் எடுத்துவிட்டு இரண்டாம் நாள் சாதாரணத்தில் எடுத்தால் தெருவே சுருங்கியதுபோல் இருக்கும். கேமரா செட்டிங்கில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள், சாலையோரக் கல் அல்லது மதில் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம். கிளம்பும் முன் முதல் நாள் படங்களை ஒரு தனி ஆல்பத்தில் போட்டுக்கொண்டு போங்கள், ஒவ்வொரு புள்ளியிலும் அதைத் திறந்து பார்த்துவிட்டு எடுங்கள். நினைவை நம்பினால் தவறும்.

நேரமும் ஒன்றாக இருக்கட்டும். டிசம்பரில் சென்னையில் ஆறேகால், ஆறரை வாக்கில் விடிந்து ஆறு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். காலை ஏழரையிலிருந்து எட்டரை எனக்கு ஒத்துவருகிறது: நிழல் நீளம் ஒரே மாதிரி இருக்கும், மாநகராட்சி வண்டியும் அந்த நேரத்தில்தான் வரும். மத்தியான வெயிலில் ஈரச் சாலை கண்ணைக் கூசவைக்கும், சேறும் தார்ச்சாலையும் ஒரே நிறமாகத் தெரியும். வேலைக்குப் போகிறவர் என்றால் மாலை நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை, ஆனால் ஒருநாள் காலை ஒருநாள் மாலை என்று மாற்றாதீர்கள்.

8. வேலை செய்பவர்களை எடுப்பது

தூய்மைப் பணியாளர்கள் பலர் அந்த வாரத்தில் தங்கள் வீட்டிலும் தண்ணீர் நிற்க, நம் தெருவுக்கு வந்து சேறு அள்ளுகிறவர்கள். தூரத்தில் நின்று ஜூம் செய்து எடுக்காதீர்கள். பக்கத்தில் போய், "அக்கா, சுத்தம் பண்றதைப் பதிவு பண்றோம், உங்களைப் போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். எதற்கு, எங்கே போகும் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இரண்டாம் தடவை கேட்கக் கூடாது. சரி என்றவர்களும் போனைப் பார்த்து நின்று சிரிப்பார்கள், அந்தப் படத்தையும் எடுத்து அவர்களிடம் காட்டிவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் அவர்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், நமக்கு வேண்டியது அப்போதுதான் கிடைக்கும்.

கையையும் கருவியையும் எடுங்கள். முகம் இல்லாமலே பல விஷயங்களை அது சொல்லிவிடும். மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்து கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்கள் மக்கிலும் வாளியிலும் எண்ணெயை அள்ளிய படங்கள் வந்தன. அந்த மக்கு ஒன்றே போதும், சுத்தம் செய்யும் வேலை எந்த நிலையில் நடந்தது என்பதற்கு. நம் தெருவிலும் பாருங்கள்: கையுறை இருந்ததா, பூட்ஸ் இருந்ததா, மண்வெட்டியா மொறமா, எத்தனை பேர், எந்த வண்டி. மனுவில் சேர்க்க இதைவிட நல்ல படம் கிடைக்காது.

கையுறை இல்லாத ஒருவரின் படத்தை வெளியே போடும்போது முகம் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திட்டு விழுவது மேலே இருப்பவருக்கு அல்ல, அவருக்கே விழும், வேலைகூடப் போகலாம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் யாரையாவது சாக்கடைக் குழிக்குள் இறக்கினால் போனை உள்ளே வையுங்கள், முதலில் தடுங்கள். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் தடைசெய்கிறது.

நிவாரணம் வாங்கும் கையைப் படமெடுக்காதீர்கள். அரிசிப் பையைப் பிடித்தபடி கேமராவைப் பார்க்கச் சொல்லும் படங்கள் நம் ஊரில் போதுமான அளவு இருக்கின்றன. டோக்கன் வரிசை எவ்வளவு நீளம் என்று காட்ட வேண்டுமானால் பின்னாலிருந்து எடுத்தால் போதும். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்கவே வேண்டாம். யாருடைய வீட்டுக்குள்ளும் படம் எடுத்தால், வீட்டுக்காரரிடம் அங்கேயே காட்டி, அவர் வேண்டாம் என்பதை அவர் முன்னாலேயே அழியுங்கள். காயப்போட்ட துணி, சாமி அறை, திறந்து கிடக்கும் பீரோ இதெல்லாம் படத்தில் விழுந்தது நமக்குத் தெரியாது, அவர்கள் கண்ணுக்கு உடனே தெரியும்.

ட்ரோன் வைத்திருக்கும் நண்பர் யாராவது வருவார். மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா மஞ்சளா சிவப்பா என்று பார்க்காமல் பறக்கவிட வேண்டாம். பெரும்பாலும் நான்காம் மாடிக்காரரின் மொட்டைமாடியே போதும்.

9. போனில் கவனிக்க வேண்டிய சின்ன விஷயங்கள்

ஒவ்வொரு புள்ளியிலும் லென்ஸைத் துடையுங்கள். விரல் எண்ணெயும் பிளீச்சிங் பவுடர் தூசியும் படிந்த லென்ஸில் எல்லாப் படமும் பனிமூட்டம்போல் வரும், சின்னத் திரையில் அது தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் எடுத்தாலும் இதே கதைதான், ஐந்து நிமிடம் பொறுங்கள்.

இருண்ட அறையில் சன்னலைப் பார்த்து எடுக்காதீர்கள், சன்னலுக்கு முதுகைக் காட்டுங்கள். திரையில் முக்கியமான இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் குவியமும் அதில் நிலைக்கும்.

ஃபில்டர், அழகுபடுத்தல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். படத்திலிருந்து வேண்டாததை அழிக்கும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது, தொடாதீர்கள். ஒரு மின்கம்பியை அழித்த படம் ஒன்று மாட்டினால் மீதி நூறு படங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

10. எந்த நாளில் எதை எதிர்பார்க்கலாம்

முதல் மூன்று நாள் தினமும் எடுங்கள், அப்போதுதான் மாற்றம் வேகமாக இருக்கும். வீட்டுக்குள் கிடந்தது வாசலுக்கு வரும், வாசலில் இருந்தது தெருமுனைக்குப் போகும். அந்தக் குவியல் லாரி வருவதற்கு முன் எப்படி இருந்தது, எந்தத் தேதியில் போனது என்பது முக்கியம். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் சொல்லியிருந்தால் புகார் எண்ணை அன்றைய குறிப்பில் எழுதுங்கள். புகார் கொடுத்த நாள் ஒரு படம், தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்த நாள் ஒரு படம். இந்த ஜோடி எங்களுக்கு எத்தனையோ வாக்குவாதங்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

முதல் வாரம் முடியும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள். சம்ப் கழுவுவது, பிளீச்சிங் பவுடர் தூவுவது, மருத்துவ முகாம், மெக்கானிக் கடை வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகள், மாடியில் காயும் புத்தகங்கள், மின்சாரம் வந்த இரவு. இந்தக் கடைசியை நான் ஒவ்வொரு முறையும் தவறவிடுகிறேன், மின்சாரம் வந்ததும் போனை சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறோம்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை, ஒரு மாதம். இங்கேதான் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள், தெரு பார்க்கச் சாதாரணமாகிவிடும். ஆனால் பெட்டிக்கடை இன்னும் திறந்திருக்காது. சுவரில் உப்புப் பூத்து பெயின்ட் உரிந்துகொண்டிருக்கும். கதவுகள் சாத்தாது. யாரோ மோட்டாரைத் தூக்கி மேடை கட்டி வைப்பார்கள், யாரோ வீட்டைக் காலிசெய்து முதல் மாடி தேடிப் போவார்கள், வாசலில் டு-லெட் பலகை தொங்கும். மீட்சி என்றால் இதெல்லாமும்தான், இவை ஜனவரியிலும் பொங்கலுக்குப் பிறகும் நடப்பவை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீடு எது, அடிக்காத வீடு எது என்று ஒரு படம் எடுத்துப் பாருங்கள், யார் இன்னும் எழவில்லை என்பது தெரிந்துவிடும்.

பிறகு மூன்றாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. போன் காலண்டரில் இப்போதே நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

11. பெயர், குறிப்பு, பிரதி

அன்றன்றைக்கு ராத்திரியே செய்ய வேண்டிய வேலை இது, பதினைந்து நிமிடம். ஒரு வாரம் விட்டால் எல்லாத் தெருச் சேறும் ஒன்றுபோல் இருக்கும்.

கோப்பின் பெயரை வருடம், மாதம், நாள், பிறகு புள்ளி எண் என்று வையுங்கள்: 2023-12-07-புள்ளி-3. வருடத்தை முன்னால் போட்டால் கணினி தானாகவே தேதி வரிசையில் அடுக்கும். 7-12-2023 என்று போட்டால் எல்லா ஏழாம் தேதிகளும் ஒன்றாகப் போய் நிற்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி: எந்த இடம், எந்தப் பக்கம் பார்த்து, என்ன நடக்கிறது, யார் எடுத்தது. மோசமான நிலை, அலட்சியம் போன்ற சொற்களைக் குறிப்பில் எழுதாதீர்கள். வடிகால் வாயில் 40 செ.மீ. சேறு, மூடி இல்லை என்று எழுதினால் போதும், கோபத்தை மனுவில் காட்டிக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அளவு குறையும், உள்ளே பதிந்திருந்த நேரமும் இடமும் போய்விடும். எங்கள் குரூப் படங்கள் அப்படித்தான் வீணாயின. டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது மூலப்படங்களை ஒரே டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள். படத்தின் மேலேயே தேதி அச்சடிக்கும் ஆப்களை சிலர் கேட்பார்கள், அதை ஒரு பிரதியில் செய்துகொள்ளுங்கள், மூலப்படத்தின் மேல் எதுவும் எழுத வேண்டாம்.

மூன்று இடத்தில் வையுங்கள்: போன், வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், இணையச் சேமிப்பு. ஹார்ட் டிஸ்க்கைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள்.

12. வெளியே கொடுப்பது

மனுவோடு ஐம்பது படம் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். புள்ளிக்கு இரண்டு, மொத்தம் பத்துப் பன்னிரண்டு போதும். ஒரே தாளில் இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது, கீழே தேதியும் இடமும். எல்லா ஜோடியிலும் அதே வரிசை, மாற்றினால் படிப்பவர் குழம்புவார். வண்ணத்தில் அச்சிடுங்கள், கருப்பு வெள்ளை ஜெராக்ஸில் சேறும் நிழலும் ஒன்றாகிவிடும். அலுவலகத்தில் கொடுக்கும்போது இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொதுவெளியில் போடும் படங்களில் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள், வீடு காலியாக இருக்கிறது என்று ஊருக்கே சொல்ல வேண்டியதில்லை. வாகன எண், கதவு எண், முகம் இவற்றையும் பாருங்கள். மங்கலாக்கும் வேலையை எப்போதும் பிரதியில் செய்யுங்கள்.

படத்தில் இருப்பவர்களுக்கு அவர்கள் படத்தைக் கொடுங்கள். எங்கள் தெருவில் சேறு அள்ளிய அக்கா ஒருவர், அச்சிட்ட படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல என் மொறம் நல்லா விழுந்திருக்கு" என்றார். அடுத்த வருடம் அவரே, குழி மூடி உடைந்த இடத்தைக் காட்டி, இதை எடுத்து வைங்க தம்பி என்று கூப்பிட்டார்.

செப்டம்பர் வந்ததும் அதே ஆறு புள்ளிகளுக்குப் போய் மறுபடி எடுங்கள். வடிகால் வாயைக் குனிந்து, டார்ச் அடித்து, உள்ளே தூர் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்படி, டேப்போடு.